4/31: கோட்டுக்குக் கீழே நிற்கும் எண்

உப்புவெளியிலிருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 63 வயது, கரைவலைத் தொழில். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமை ஆகிறது. வந்திருக்கும் நோயியல் அறிக்கையில் நிணநீர்க் கணுக்கள் 4/31 என்றும், டி3 என்2 என்றும் (டி என்பது நோயின் ஆழம், என் என்பது நோய் உள்ள கணுக்களின் கணக்கு) எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாமாவுக்குப் போன வருடம் இதே சத்திரசிகிச்சை நடந்தது, அவருக்கு 0/8. "எட்டோடு நிறுத்தியிருக்கலாமே, ஏன் அப்பாவை இவ்வளவு தோண்டினார்கள்? தோண்டியதால்தான் நோய் பரவியதா? உள்ளே இருந்த கணுக்களையெல்லாம் எடுத்துவிட்டால் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? அண்ணா முறைப்பாடு எழுதப் போகிறேன் என்கிறார்."

அண்ணாவிடம் பேனாவை மூடி வைக்கச் சொல்லுங்கள், பிள்ளை. அந்த 31 என்ற எண்ணுக்காக நன்றிதான் சொல்ல வேண்டும். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. பல வருடங்கள் நோயியல் ஆய்வுகூடத்தில் இருந்து, இப்படிப்பட்ட அறிக்கைகளில் கோட்டுக்கு மேலும் கீழும் எண்களை எழுதியவன் நான். வீட்டுக்காரர்கள் எல்லோரும் மேலே உள்ள எண்ணைத்தான், அதாவது நோய் உள்ள கணுக்களைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது கீழே உள்ளதை, எடுத்துப் பரிசோதித்த கணுக்கள் எத்தனை என்பதை.

இரைப்பையின் சுவரிலிருந்து நிணநீர் வடிந்து போகிறது. அது போகும் வழி குருதி நாடிகளை ஒட்டியது. வழி நெடுகக் கொழுப்புக்குள் சிறு சிறு கணுக்கள் இருக்கின்றன. வாய்க்காலில் வரும் குப்பையைத் தடுக்கும் சல்லடைபோல. புற்றுக் கலம் ஒன்று சுவரிலிருந்து கழன்று நிணநீரில் விழுந்தால், பெரும்பாலும் அருகிலுள்ள கணுவில் சிக்கும், அங்கே வளரும், பிறகு அடுத்த கணுவுக்குப் போகும். யப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர்கள் இந்த வழியைப் பொறுமையாக அளந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்தார்கள். 1 முதல் 6 வரை இரைப்பையை ஒட்டியவை. 7 இடது இரைப்பை நாடியோரம். 8 ஈரலுக்குப் போகும் நாடியோரம். 9 இந்த நாடிகளெல்லாம் கிளைக்கும் வேரில். 10 மண்ணீரல் வாசலில். 11 மண்ணீரல் நாடியோரம். 12 ஈரலுக்குச் செல்லும் நாளங்களும் பித்தக் குழாயும் சேர்ந்த கட்டில். 16 பெருநாடியின் அருகே. இன்று உலகம் முழுவதும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் இந்த இலக்கங்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

இரைப்பையையும் அதைச் சுற்றியுள்ள முதல் வரிசைக் கணுக்களையும் எடுப்பது டி1 என்ற வெட்டு. நாடிகளின் ஓரமாக உள்ள இரண்டாம் வரிசையையும் சேர்த்து எடுப்பது டி2. (நோயின் ஆழத்தைச் சொல்லும் டி வேறு, வெட்டின் அளவைச் சொல்லும் இந்த டி வேறு, ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு எழுத்துக்கள், தமிழில் எழுதும்போது குழம்பக் கூடாது.) அப்பாவின் அறிக்கையில் 31 வந்திருக்கிறது என்றால், அவருக்கு டி2 வெட்டை ஒருவர் நிதானமாகச் செய்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். நாடியின் மேலுள்ள கொழுப்பை உரித்துக்கொண்டு வேர் வரை போவது மணிக்கணக்கான வேலை. சதையியின் மேல் விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். அங்கே கை தவறினால் சதையிச் சாறு கசியும். அவசரக்காரருக்கு அது ஒத்து வராது.

தோண்டியதால் பரவியதா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை. இந்தச் சத்திரசிகிச்சையில் கணுவைத் தனித்தனியாகக் கிள்ளி எடுப்பதில்லை. கொழுப்போடு, உறையோடு, இரைப்பையோடு ஒட்டியபடி ஒரே கட்டாக எடுப்பார்கள். அந்த நான்கு கணுக்களுக்குள்ளும் நோய் ஏற்கனவே போய்விட்டது. கணுவின் உறைக்குக் கீழே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. வரும் கலங்கள் முதலில் அங்கேதான் தங்கும். நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது அங்கே கூடு கட்டி வளர்ந்திருப்பது தெரியும். அது கத்தி பட்ட நாளில் நடந்த காரியமாக இருக்க முடியாது. எட்டோடு நிறுத்தியிருந்தால் அந்த நான்கும் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கலாம். அறிக்கையில் பூச்சியம் என்று எழுதப்பட்டிருக்கலாம். நீங்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள், நோயும் தன் பாட்டில் வளர்ந்திருக்கும்.

அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள்: வலையைக் கொஞ்சத் தூரம் மட்டும் வளைத்துப் போட்டு இழுத்தோம், மீன் வரவில்லை, அதனால் கடலில் மீன் இல்லை என்று சொல்லலாமா? எவ்வளவு வளைத்தாய் என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

எண்களின் கணக்கு இது. நோய் உள்ள கணு ஒன்றும் இல்லை என்றால் என்0. 1 அல்லது 2 என்றால் என்1. 3 முதல் 6 வரை என்2. 7 முதல் 15 வரை என்3ஏ. 16-உம் அதற்கு மேலும் என்3பி. குறைந்தது 16 கணுக்களையாவது பரிசோதிக்க வேண்டும் என்பது இப்போதுள்ள விதி; 30 கிடைத்தால் இன்னும் நல்லது. 16 எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். எட்டே கணுக்கள் கையில் இருந்தால், எட்டிலும் நோய் இருந்தாலும் என்3பி என்று எழுதவே வழியில்லை. அளவுகோலே எட்டு அங்குலமாக இருந்தால் பத்தங்குலத் துணியை எப்படி அளப்பது?

இதன் விளைவாக ஒரு விசித்திரம் நடக்கிறது. கணுக்களைக் குறைவாக எடுக்கும் இடத்தில், உண்மையில் என்1 ஆக இருப்பவர் என்0 என்று எழுதப்படுவார். என்2 ஆக இருப்பவர் என்1 ஆவார். அங்கே என்0 கூட்டத்துக்குள் நோய் மறைந்திருப்பவர்களும் கலந்துவிடுவதால், அந்தக் கூட்டத்தின் ஆயுள் கணக்கு மோசமாகத் தெரியும். நிறையக் கணுக்களை எடுக்கும் இடத்தில் அவர்கள் சரியான கூட்டத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் போனதால் என்0 கூட்டத்தின் கணக்கு உயரும். அவர்கள் சேர்ந்த என்1 கூட்டத்தின் கணக்கும் உயரும், ஏனென்றால் வந்து சேர்ந்தவர்கள் அங்கே ஏற்கனவே இருந்தவர்களைவிட இலேசான நோயுள்ளவர்கள். ஒருவரும் கூடுதலாக ஒரு நாள்கூட வாழாமலே இரண்டு கூட்டமும் முன்னேறியதுபோலத் தெரியும். 1985-இல் ஆல்வன் ஃபைன்ஸ்டீன் என்ற அமெரிக்க வைத்தியர் நுரையீரல் புற்றுநோயாளர்களை வைத்து இதை விளக்கினார். ஒரு வைத்தியசாலையின் 'என்0' மற்றொரு வைத்தியசாலையின் 'என்0' அல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இணையத்தில் "மூன்றாம் நிலைக்கு இத்தனை வீதம்" என்று படித்துவிட்டு அழுதுகொண்டிருப்பவர்கள், அந்த வீதம் எத்தனை கணு எடுத்தவர்களின் வீதம் என்று பார்ப்பதில்லை.

கீழே உள்ள எண் சத்திரசிகிச்சை நிபுணரின் கையில் மட்டும் இல்லை. எங்கள் கையிலும் இருக்கிறது.

வெட்டி எடுத்த இரைப்பை ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஃபோர்மலின் ஊற்றி எங்களிடம் வரும். மூடியைத் திறந்தால் கண் எரியும். ஒரு நாள் ஊறிய பிறகு சுவர் சாம்பல் நிறமாக விறைத்துப் போயிருக்கும்; ஓரங்களில் தொங்கும் கொழுப்பு மட்டும் மஞ்சளாகவே இருக்கும். அந்தக் கொழுப்பைப் பிரித்துப் பலகையில் வைத்து, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் துண்டு துண்டாக அரிந்து, ஒவ்வொரு துண்டையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். கொழுப்பு வழுக்கி விலகும், கணு விலகாது. ஊறிய பயறுபோல, சில வேளை உழுந்தைவிடச் சிறிதாக, விரலுக்குள் உருளும். பெரிய கணுக்கள் கண்ணுக்கே தெரியும், அவற்றை எவரும் எடுப்பார்கள். ஆனால் நோய் உள்ள கணு பெரிதாகத்தான் இருக்கும் என்ற நியதி இல்லை. ஐந்து மில்லிமீற்றருக்கும் குறைந்த கணுக்களுக்குள் நோயை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முத்திரை மோதிரக் கலங்கள் என்ற வகை இன்னும் கள்ளத்தனமானது. ஒன்றிரண்டாகக் கணுவின் கலங்களோடு கலந்து நிற்கும், விசேட சாயம் போட்டால்தான் பிடிபடும்.

எடுத்த கணுக்களைச் சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு, எந்தப் பெட்டியில் எத்தனை என்று எழுதி வைப்போம். பெரிய கணுவை இரண்டாக அரிந்தால் இரண்டு பாதியும் ஒரே பெட்டிக்குள் போக வேண்டும். வெவ்வேறு பெட்டிக்குப் போனால் ஒன்று இரண்டாக எண்ணப்படும். இந்த வேலைக்கு இயந்திரம் இல்லை. விரலும் பொறுமையும்தான். சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் நோயாளியை மூடித் தைத்த கையோடு, பக்கத்து மேசையில் நின்று தாங்களே கணுக்களைப் பிரித்து, 7, 8, 9 என்று இலக்கமிட்ட போத்தல்களில் அனுப்புவார்கள். யப்பானில் அது வழக்கம். அப்படி வரும்போது எண்ணிக்கை எப்போதும் கூடுதலாக இருக்கும். எந்த இடத்துக் கணுவில் நோய் என்பதும் தெரியும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தாயின் இரைப்பை. ஒன்பது கணுக்கள் கண்டுபிடித்தேன், எதிலும் நோயில்லை. 0/9 என்று எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் சத்திரசிகிச்சை நிபுணர் நேரில் வந்தார். "நான் இடது இரைப்பை நாடியை வேரோடு எடுத்தேன். ஒன்பது வராது. திரும்பத் தேடுங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே எனக்கு அதிகம் உறைத்தது. வாளி இன்னும் அலமாரியில் இருந்தது. இரைப்பையின் சிறிய வளைவில், சுவரோடு ஒட்டிய கொழுப்பை நான் சரியாக உரிக்காமல் விட்டிருந்தேன். அன்று பின்னேரம் முழுவதும் நின்று தேடியதில் இன்னும் பதின்மூன்று கிடைத்தன. இரண்டில் நோய் இருந்தது. 0/9 என்பது 2/22 ஆயிற்று. டி3 என்0 என்றால் நிலை 2ஏ. டி3 என்1 என்றால் 2பி. அந்தத் தாய்க்கு நான் முதலில் அனுப்பியது பொய்யான நல்ல செய்தி. அதற்குப் பிறகு பதினாறுக்குக் குறைந்த எந்த எண்ணையும் நான் வாளிக்குத் திரும்பிப் போகாமல் எழுதியதில்லை.

பக்கத்து வீட்டு மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். 0/8 என்பதால் அவருக்கு நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தயவுசெய்து போய்ப் பயமுறுத்த வேண்டாம். நோய் எவ்வளவு ஆழம் போனது என்பதையும் பார்க்க வேண்டும். உட்படையோடு நின்ற டி1ஏ என்றால், கணுவுக்குப் போயிருப்பது நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான். அடுத்த படைக்குப் போன டி1பி என்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. டி3 என்றால் எட்டுக் கணுக்களை வைத்து நிம்மதி அடைய முடியாது. போன வருடத்து வாளி இப்போது இருக்காது, சில கிழமைகளில் அகற்றிவிடுவார்கள். மறுபடி வயிற்றைத் திறந்து கணுத் தேடுவதும் வழக்கமில்லை. அவர் கிளினிக் நாட்களைத் தவறவிடாமல் போனால் போதும். நிறை குறைந்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, இடது பக்கம் கழுத்தெலும்புக்கு மேலே கட்டி தட்டுப்பட்டாலோ நாள் வரும் வரை காத்திருக்காமல் போக வேண்டும்.

நிறைய எடுப்பது நல்லது என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே என்று அண்ணா கேட்கக்கூடும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1881-இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் முதன்முதலாக இரைப்பைப் புற்றை வெற்றிகரமாக வெட்டி எடுத்தார். அந்தப் பெண் சத்திரசிகிச்சையில் பிழைத்தார், ஆனால் ஏறத்தாழ நான்கு மாதங்களில் நோய் திரும்பி இறந்தார். அன்றிலிருந்தே எவ்வளவு தூரம் வெட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. யப்பானியர்கள் டி2 செய்து நல்ல பலன் கண்டார்கள். மேற்கு நாட்டினர் நம்பவில்லை. 1989 முதல் 1993 வரை நெதர்லாந்தில் குணப்படுத்தும் நோக்கத்தோடு வெட்டப்பட்ட 711 பேரை டி1, டி2 என்று குலுக்கலில் பிரித்துப் பார்த்தார்கள். முதலில் வந்த முடிவு அதிர்ச்சி தந்தது: டி1-இல் நூற்றுக்கு நான்கு பேர் வைத்தியசாலையிலேயே இறந்தார்கள், டி2-இல் பத்துப் பேர். டி2 செத்தது என்றே பலர் எழுதினார்கள். ஆனால் அந்தக் காலத்து டி2-இல் பலருக்கு மண்ணீரலையும் சதையியின் வாலையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். கேடு பெரும்பாலும் அதனால் வந்தது. பதினைந்து வருடம் காத்திருந்து 2010-இல் மறுபடி எண்ணியபோது, இரைப்பைப் புற்றினால் இறந்தவர்கள் டி1-இல் 48 வீதம், டி2-இல் 37 வீதம். நோய் அதே இடத்தில் திரும்பியது 22 வீதத்துக்கு எதிராக 12 வீதம். மண்ணீரலையும் சதையியையும் விட்டுவிட்டுக் கணுக்களை மட்டும் சுத்தமாக எடுப்பதுதான் இன்றைய டி2. அப்பாவுக்குச் செய்தது அதுவாகத்தான் இருக்கும். அறிக்கையில் மண்ணீரல் என்ற சொல் இல்லாவிட்டால் அது அவருக்குள்ளேயே இருக்கிறது.

அதற்கும் அப்பால், பெருநாடியோரத்து 16-ஆம் கூட்டத்தையும் சேர்த்து எடுத்தால் என்ன என்று யப்பானியர்களே 523 பேரில் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது: ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் டி2 மட்டும் செய்தவர்களில் 69.2 வீதம், கூடுதலாக எடுத்தவர்களில் 70.3 வீதம். பலன் இல்லை. அதனால் அங்கே நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு வெட்டுவது என்று தங்கள் விருப்பத்துக்கு முடிவு செய்யவில்லை, பிள்ளை. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் இந்தச் சோதனைகளுக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்ததால் கிடைத்த எல்லை அது.

எதிர்ப்புச் சக்தி போய்விடாது. ஒரு மனித உடம்பில் பல நூறு நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. 31 போனாலும் மற்றவை வேலை செய்யும். மார்புப் புற்றுக்கு அக்குளில் கணு எடுத்தவர்களுக்குக் கை வீங்குவதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். இரைப்பையில் அப்படிக் கை கால் வீங்குவதில்லை.

அப்பாவின் நிலைக்கு வருவோம். டி3 என்றால் நோய் தசைப்படையைத் தாண்டியிருக்கிறது, வெளியுறையைத் துளைக்கவில்லை. என்2 என்றால் 3 முதல் 6 கணுக்கள், அவருக்கு நான்கு. வேறு உறுப்புக்குப் பரவவில்லை என்றால் மூன்றும் சேர்ந்து நிலை 3ஏ. இலேசான நிலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை செய்யும் நிலை இது. சத்திரசிகிச்சைக்கு முன்பு அவருக்குக் கீமோ கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் அறிக்கையில் என்2-க்கு முன்னால் 'வை' என்ற எழுத்தும் இருக்கும். அந்தக் கணக்கை வேறு விதமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் மருந்து சில கணுக்களில் நோயை அழித்துத் தழும்பாக்கியிருக்கும்.

கொடுக்கவில்லை என்றால் இப்போது கீமோ சொல்வார்கள். மறுக்க வேண்டாம். கொரியா, சீனா, தாய்வான் நாடுகளில் டி2 செய்த 1,035 பேரில் பாதிப்பேருக்குக் கெப்சைட்டபின் மாத்திரையும் ஒக்சாலிபிளாட்டின் ஊசியும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வந்த முடிவு: மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 74 வீதம், பெறாதவர்களில் 59 வீதம். கணுக்களைச் சுத்தமாக எடுத்த பிறகும் மருந்து இவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறது. பொதுவாகச் சத்திரசிகிச்சையிலிருந்து ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். உங்களுக்கு மூன்று போய்விட்டது, ஆகவே முறைப்பாடு எழுதும் நேரத்தில் கிளினிக் நாளை உறுதிப்படுத்துங்கள்.

மட்டக்களப்புக்கோ மகரகமவுக்கோ தெல்லிப்பழைக்கோ, எங்கே அனுப்பினாலும் அறிக்கையின் பிரதியோடு சி.ரி. ஸ்கேன் படங்களையும் கொண்டு போங்கள். சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் கேட்டு, கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் தேவைப்பட்டால் அனுப்பும்படி கடிதம் வாங்கி வையுங்கள். இரவு ரயிலில் கொழும்புவரை போய், "தகடு இல்லை, திரும்ப வாருங்கள்" என்ற பதிலோடு விடியற்காலை திரும்பி வந்து இறங்கிய குடும்பங்களை நான் திருகோணமலை நிலையத்தில் பார்த்திருக்கிறேன். வைத்தியரிடம் கேட்க மூன்று கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்: வெட்டு விளிம்பில் நோய் இருக்கிறதா, வயிற்றறையைக் கழுவிய நீரைப் பரிசோதித்தார்களா, அதில் கலங்கள் இருந்தனவா. கழுவிய நீரில் புற்றுக் கலம் இருந்தால் நிலை 4 என்று கணக்கிடுவார்கள், அதனால் அது முக்கியம்.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை கொடுங்கள். சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் வேண்டாம். இரைப்பை முழுவதும் போனவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பி12 ஊசி வேண்டும். பாதி போன அப்பாவுக்கும் காலப்போக்கில் அது குறையலாம், குருதிப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒக்சாலிபிளாட்டின் ஏற்றிய நாட்களில் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்ததுபோல இருக்கும். குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை இறுகும். அப்பா சும்மா இருக்கமாட்டார், வாடிக்குப் போய் மீன் பெட்டியில் ஐஸ் அள்ளிப் போடப் பார்ப்பார். அந்த ஆறு மாதமும் ஐஸ் பெட்டியை அண்ணாவிடம் கொடுத்துவிடுங்கள்.